கீழ சத்தம் வருது டாக்டரே

ஒரு பைக் இன்ஜின் கதை சொல்லப் போறேன். கூடவே ஒரு நெஞ்சுவலி கதையும் வரும். கொஞ்சம் நீளம்தான், ஆனா கடைசி வரைக்கும் படிங்க மக்களே. வீட்டில் நாற்பது தாண்டியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்க.

எங்க அப்பா விட்டுட்டுப் போன வண்டி 1989 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100. 1985 கடைசியில் இந்தியாவுக்கு வந்து 1996 வரைக்கும் தயாரான வண்டி. 98 சிசி, 11 குதிரைத்திறன். இன்றைக்குக் கேட்டால் சின்ன எண்தான். ஆனால் வண்டியே சுமார் நூறு கிலோதான் என்பதால் கிளம்பும்போது பிய்த்துக்கொண்டு போகும். டிராக் ரேஸ் பசங்க இன்னும் இதைத் தேடி அலைவது அதனால்தான்.

என் அக்கா பையன் காலேஜ் படிக்கிறான். "மாமா, தாத்தா வண்டியை டிராக் ரேஸுக்கு ரெடி பண்றேன்"னு வந்து நின்றான். ஈசிஆர்ல ராத்திரி ஓட்டுறதா இருந்தா சாவியைத் தொடாதேன்னு சொன்னேன். கேஷுவாலிட்டியில் வேலை பார்த்தவனுக்கு அந்த ரோட்டு ரேஸ் எங்கே போய் முடியும்னு தெரியும். "இல்ல மாமா, இருங்காட்டுக்கோட்டைதான். லைசென்ஸ் எடுத்து, ஹெல்மெட், சூட் எல்லாம் போட்டு"ன்னான். சரின்னேன்.

அப்பாவுக்கும் ரேஸ் பைத்தியம் உண்டு. இளவயதில் சோழவரம் போய்ப் பார்த்தவர். இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளம் அது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வரும் வரை மெட்ராஸ் ரேஸ் என்றாலே சோழவரம்தான்.

பையன் ஆறு மாசம் காசு சேர்த்து வேலை பார்த்தான். போர்ட் வேலை, பெரிய கார்புரேட்டர், புது பிஸ்டன், ரேஸ் சைலன்சர். மெக்கானிக் பாஷையில் இதெல்லாம் 'ஆஃப் இன்ஜின்', அதாவது மேல் பாதி. கடைசி டியூனிங்குக்கு நெல்லித்தோப்பில் ஒரு அண்ணன் பட்டறைக்குப் போனோம். ஐம்பது வயசு தாண்டியவர். டூ-ஸ்ட்ரோக் வண்டின்னா அவர்தான்.

அண்ணன் ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து, முனையை கிராங்க்கேஸில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டார். நான் ஸ்டெதஸ்கோப் வைப்பது போலவே. ஒரு நிமிஷம்கூட ஆகலை. "கீழ சத்தம் வருது டாக்டரே. பிரிக்கணும்."

பையனுக்கு முகம் தொங்கிப் போச்சு. ரேஸுக்கு இருபத்தஞ்சு நாள்தான் இருந்தது. "அண்ணே, நல்லாதானே ஓடுது?"

"ஓடுதுடா தம்பி. இழுத்துப் புடிச்சேன்னா, ராடு உடைஞ்சு கேஸைக் குத்திக்கிட்டு வெளிய வரும். சக்கரம் லாக் ஆனா உன் கதி என்ன?"

பிரித்தார்கள். ஹெட்டையும் பிளாக்கையும் கழற்றியதும் கனெக்டிங் ராடை என் கையில் கொடுத்தார். "பக்கவாட்டுல கொஞ்சம் ஆடும், அது தப்பில்ல. மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க." ஆட்டினேன். டிக் டிக்னு மெல்லிசா ஒரு தட்டல். அந்த ஆட்டம் துளியும் இருக்கக் கூடாதாம்.

ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு கணக்குப் போடுவோம். ட்யூன் செய்த இன்ஜின் நிமிஷத்துக்கு 10,000 சுற்று சுற்றுகிறது என்றால், பிஸ்டன் ஒரு விநாடியில் 330 தடவைக்கு மேல் நின்று திரும்புகிறது. அத்தனை இழுப்பையும் தள்ளலையும் தாங்குவது கீழே இருக்கும் ஒரு கிராங்க் பின்னும், அதைச் சுற்றி இருக்கும் ஊசி மாதிரி சின்னச் சின்ன உருளைகளும்தான். நம்ம இதயம் நிமிஷத்துக்கு 70 தடவை துடித்தால் ஒரு நாளைக்கு லட்சம் துடிப்பு. அந்த லட்சத்தை இந்த கிராங்க் பத்து நிமிஷத்தில் சுற்றி முடிக்கும்.

தேய்ந்தது ஏன்னு அண்ணன் சீக்கிரமே கண்டுபிடித்தார். ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில் கீழே ஆயில் தேங்கியிருக்கும், பம்ப் அதை பேரிங்குக்கு அனுப்பும். டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்குக்கு அந்த வசதி கிடையாது. பெட்ரோலோடு கலந்து உள்ளே போகும் டூ-டி ஆயில்தான் அதற்குச் சோறு. நம்ம பையன் ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோலில் தானே ஆயில் கலந்திருக்கிறான். ரேஸ்ல எல்லாரும் செய்வதுதான். ஆனால் பாட்டில் மூடியில் குத்துமதிப்பாக அளந்து ஊற்றியிருக்கிறான்.

"மூடியில அளக்குறதுக்கு இது என்ன டானிக்கா?" என்றார் அண்ணன். நான் வாயை மூடிக்கொண்டேன்.

இன்னொன்றும் சொன்னார். கோடு தாண்டியதும் பசங்க த்ராட்டிலைச் சட்டென்று மூடிவிட்டு, இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பார்கள். த்ராட்டில் மூடினால் பெட்ரோல் நின்றுவிடும். அதோடு வரும் ஆயிலும் நின்றுவிடும். ஆனால் கிராங்க் அந்த நேரம் உச்ச வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். "கோடு தாண்டின உடனே கிளட்சைப் புடி. பாதி இன்ஜின் அங்கதான் சாவுது."

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் நான் அந்தப் பட்டறையில்தான். ராடு கிட் வந்தது: ராடு, பின், பேரிங், வாஷர். பழைய கிராங்கைப் பிரஸ்ஸில் வைத்துப் பின்னைத் தள்ளி எடுத்து, புதுசைப் பொருத்தினார்கள். இரண்டு பக்கச் சக்கரமும் ஒரே நேர்கோட்டில் வரணும். டயல் கேஜ் வைத்துச் சுற்றி, செம்புச் சுத்தியலால் ஒரு தட்டு, மறுபடி சுற்று, மறுபடி ஒரு தட்டு. 0.03 மில்லிமீட்டருக்கு மேல் முள் ஆடினால் அண்ணன் விட மாட்டார். நம்ம தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை அது.

பேரிங்கைச் சுத்தியலால் அடித்து இறக்குவதும் அங்கே கிடையாது. கேஸைச் சூடு பண்ணினார், பேரிங்கை ஃப்ரீசரில் வைத்திருந்தார். எடுத்து வைத்ததும் தானாக உட்கார்ந்தது. ஆயில் சீல் இரண்டும் புதுசு. மேக்னெட் பக்கத்து சீல் கசிந்தால் காற்றை உறிஞ்சும், கலவை வறண்டு பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கம் கசிந்தால் கியர் ஆயிலை இழுத்துப் புகையாகக் கக்கும். கேஸை மூடிய பிறகு காற்றடித்துக் கசிவு இல்லை என்று பார்த்த பிறகுதான் மேலே வேலை.

மூன்றாவது ஞாயிறு. வண்டி தயார். அண்ணன் கிக்கர் மேல் காலை வைத்து நாலு உதை உதைத்தார், நிறுத்தினார். "டேய், நீ அடிடா"ன்னு பட்டறைப் பையனிடம் விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பன்னீர் சோடா வாங்கி வரச் சொன்னார். "கேஸு டாக்டரே. நெஞ்சுல வந்து அடைக்குது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன ஞாயிறும் இதே சோடா. அதற்கு முந்தின ஞாயிறும்.

"எத்தனை நாளா அண்ணே?"

"ரெண்டு மாசம் இருக்கும். கிக்கு அடிச்சா, வண்டியத் தள்ளினா வரும். உக்காந்தா போயிடும். இடது தாடை கூட கொஞ்சம் வலிக்கும்."

ஒரு நிமிஷத்தில் என் வண்டியின் சத்தத்தைக் கேட்ட மனுஷன் அவர். எதிரில் மூன்று வாரம் உட்கார்ந்திருந்த எனக்கு அவர் சத்தம் கேட்கவில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்கே கூட்டிப் போனேன். ஈசிஜி நார்மல். "பாத்தீங்களா, கேஸுதான்"னு எழுந்துவிட்டார். நான் விடவில்லை. சும்மா படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜி, ஐட்லிங்கில் வண்டியைக் கேட்பது மாதிரி. லோடு ஏறும்போதுதான் உண்மை தெரியும். அடுத்தடுத்த பரிசோதனைகள், ஆஞ்சியோகிராம். முக்கியமான ரத்தக்குழாய் ஒன்றில் பெரிய அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார், பீடியை விட்டுவிட்டார், பட்டறைக்கு வருகிறார். கிக் மட்டும் பசங்க அடிக்கிறாங்க.

ரேஸ் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. பையன் முதல் சுற்றிலேயே தோற்றான். ஆனால் கோடு தாண்டியதும் கிளட்சைப் பிடித்தான். வண்டி முழுசா வீடு வந்தது, அவனும்தான். இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறான். எத்தனை ஓட்டம், எவ்வளவு ஆயில், ராடு ஆட்டம் கடைசியாக எப்போது பார்த்தது, எல்லாம் எழுதுகிறான். அடுத்த ராடு கிட்டை ஓட்டக் கணக்குப் பார்த்து மாற்றணும், சத்தம் வரும் வரை காத்திருக்கக் கூடாது என்பது அண்ணன் உத்தரவு.

டாக்டராக நான் சொல்ல வேண்டியது இதுதான். நடந்தால், மாடி ஏறினால், பாரம் தூக்கினால் நெஞ்சில் அடைப்போ தாடையில் கையில் வலியோ வந்து, உட்கார்ந்தால் போய்விடுகிறது என்றால், அதற்கு கேஸ்னு நீங்களே பேர் வைக்காதீங்க. ஒரு ஈசிஜி நார்மல்னு விட்டுவிடாதீங்க, டாக்டரிடம் "வேலை செய்யும்போது வருது" என்று சொல்லிக் கேளுங்க. உட்கார்ந்தும் வலி போகவில்லை, வியர்க்கிறது என்றால் சோடா குடித்து நேரத்தைக் கழிக்காமல் உடனே 108-க்குக் கூப்பிடுங்க.

அண்ணனிடம் இதை எழுதப் போறேன்னு சொன்னேன். "எழுதுங்க டாக்டரே. ஆயிலை மூடியில அளக்காதீங்கன்னும் சேர்த்து எழுதுங்க"ன்னார். எழுதிட்டேன்.