கடலில்லாத ஊரில் ஒரு கப்பல்

அட்டாலியைச் சுத்தம் செய்ய வருகிறேன் என்ற ஆள் வரவில்லை. நானே ஏணி போட்டு ஏறினேன். கோவைக்கு அருகே சூலூர்ப் பக்கம் காங்கேயம்பாளையத்தில் அம்மா இருக்கும் வீடு. பித்தளை அண்டாவுக்கும் உடைந்த தையல் மெஷினுக்கும் நடுவில் பூச்சி அரித்த அட்டைப் பெட்டி ஒன்று. மூடியில் இறக்கை வளைந்த நீல விமானம்.

1986-ல் சிங்கப்பூரிலிருந்து மாமா வாங்கி வந்த பிளாஸ்டிக் கிட் அது. கோர்சேர் என்ற அமெரிக்கச் சண்டை விமானம், 1/72 அளவு. அப்போது கோவை விமான நிலையத்தின் பீளமேட்டு ஓடுபாதையை நீட்டிக்கொண்டிருந்தார்கள்; பயணிகள் விமானமெல்லாம் சூலூரில் இறங்கியது. பள்ளிக்கூடம் விட்டால் எங்கள் கூட்டம் வேலியோரம்தான். அந்தக் கிறுக்கைப் பார்த்துத்தான் மாமா வாங்கியிருப்பார். விமானத்தைப் பாதிவரை ஒட்டினேன். பைலட் தலைக்கு மேல் வரும் கண்ணாடி மூடியை, அவசரத்தில், நொடியில் பிடிக்கிற பசையால் ஒட்டினேன். பசையின் ஆவி பட்டு மூடி முழுக்க வெள்ளை படர்ந்துவிட்டது, கண்ணில் புரை விழுந்த மாதிரி. பெட்டியை மூடியவன்தான். அப்புறம் டிப்ளமோ, கணபதியில் பவுண்டரி, கல்யாணம், கடன்.

மூடியைத் திறந்ததும் முதலில் பார்த்தது விமானத்தை அல்ல, பக்கவாட்டில் அச்சடித்திருந்த 1/72 என்ற எண்ணை. அதற்குக் காரணம் என் தொழில். முப்பது வருஷம் பேட்டர்ன் ஷாப்பில் இருந்தவன். வார்ப்பிரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் மரப் பேட்டர்னை அடிக்கு எட்டில் ஒரு பங்கு அங்குலம் பெரிதாகச் செதுக்க வேண்டும். எந்த அளவைப் பார்த்தாலும் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கிற புத்தி வந்துவிட்டது. 1/50 இல்லை, 1/100 இல்லை. ஏன் 72?

விடை எளிது. ஓர் அங்குலத்துக்கு 72 அங்குலம், அதாவது ஆறடி. ஆறடி என்றால் ஓர் ஆள். கிணற்றுத் தண்ணீரை ‘ரெண்டாள் ஆழம்’, ‘மூணாள் ஆழம்’ என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. 1930-களில் இங்கிலாந்தில் ஸ்கைபேர்ட்ஸ் என்ற மரக் கிட்டுகள் இந்த அளவைப் பரப்பின. போர் வந்தபோது இது விளையாட்டாக இல்லை. 1942-ல் அமெரிக்கக் கடற்படை, வானத்தில் தெரியும் விமானம் யாருடையது என்று சிப்பாய்களுக்குப் பழக்க, பள்ளிப் பிள்ளைகளிடம் 5 லட்சம் மாதிரி விமானங்களைச் செதுக்கித் தரக் கேட்டது. அவையும் 1/72 தான். கோர்சேரின் புரொப்பெல்லர் 13 அடி 4 அங்குலம்; ரெண்டாளுக்கு மேல். அது தரையில் இடிக்கக் கூடாதென்றுதான் இறக்கையைக் கீழ்நோக்கி வளைத்து, அந்த வளைவின் அடியில் சக்கரக் காலை வைத்தார்கள். என் உள்ளங்கையில் அதே புரொப்பெல்லர் இரண்டேகால் அங்குலம்கூட இல்லை.

இரண்டாவது கேள்விதான் என்னை அலைய வைத்தது. பெட்டிக்குள் இருந்த அமெரிக்க நட்சத்திர டெக்கால்கள் மஞ்சளித்து, தண்ணீரில் போட்டதும் பொடிப்பொடியாகிவிட்டன. சரி, வேறு யார் இந்த விமானத்தை ஓட்டினார்கள் என்று பார்த்தேன். பிரிட்டிஷ் கடற்படை அமெரிக்காவின் கடன்-குத்தகைத் திட்டத்தில் 2,000-க்கு மேல் வாங்கியிருக்கிறது. இலஸ்ட்ரியஸ், விக்டோரியஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து இந்த விமானங்கள் இந்துமாக்கடலுக்கு மேல் பறந்திருக்கின்றன. 1944 ஏப்ரல் 19-ல் சுமத்ராவின் சபாங் துறைமுகத் தாக்குதலிலும் போயிருக்கின்றன. இந்துமாக்கடலில் இருந்த பிரிட்டனின் கிழக்குக் கடற்படையின் விமானங்கள் பழுதானால் எங்கே போகும்? ராயல் நேவி விமானப் பழுதுபார்ப்புத் தளம், கோயமுத்தூர். அதன் பெயர் எச்.எம்.எஸ். கருடா. இன்னொரு தளம் சூலூரில். பெயர் எச்.எம்.எஸ். வைரி.

இரண்டு தடவை படித்தேன். எச்.எம்.எஸ். என்பது கப்பல் பெயருக்கு முன்னால் வருவது. சூலூரில், கடற்படைக் கப்பல்.

பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு வழக்கம் உண்டு. கரையில் கட்டிய தளத்தையும் கப்பலாகவே பாவிப்பார்கள். கப்பல் பெயர் வைப்பார்கள். வாசலைத் தாண்டி வெளியே போனால் ‘கரைக்குப் போகிறேன்’ என்பார்கள். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால்தான் கடல் என்ற ஊரில், சோளக்காட்டு நடுவில் நின்றுகொண்டு கரைக்குப் போகிறேன் என்று ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் சொல்லியிருப்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. ஆனால் கோவையைத் தேர்ந்தெடுத்ததில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. 1942 ஏப்ரல் 5-ல் கொழும்பிலும் 9-ல் திருகோணமலையிலும் ஜப்பான் குண்டு போட்டது. கடலோரத்தில் பழுதுபார்க்கும் தளம் வைப்பது ஆபத்து. பீளமேட்டில் 1940-லேயே விமான நிலையம் வந்துவிட்டது. நூற்பாலைகள் இருந்தன, அவற்றை ஓட்டப் பைக்காராவிலிருந்து கரண்ட் வந்தது, லேத்தும் பட்டறையும் கை பழகிய ஆட்களும் இருந்தார்கள். இவற்றையும் கணக்குப் போட்டுத்தான் வந்திருப்பார்கள் என்பது ஒரு பட்டறைக்காரனின் ஊகம்.

கருடன் புரிகிறது. வைரி? வைரி என்றால் எதிரி. போர்க்காலத்தில் தன் தளத்துக்கே எதிரி என்று எவனாவது பெயர் வைப்பானா? ஏதோ வெள்ளைக்காரன் அகராதியைத் தப்பாகப் புரட்டிவிட்டான் என்று நானே முடிவுகட்டி, இரண்டு நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தும் விட்டேன். அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் கேட்டேன்.

“ஏம்மா, வைரின்னா என்னம்மா?”

“வைரிதான் கண்ணு. கோழிக்குஞ்சத் தூக்கீட்டுப் போவுமே, அது.”

“எதிரின்னு அர்த்தமில்லீங்ளா?”

“குஞ்சுக்கு எதிரிதான?”

பறவை! புறா அளவில் ஒரு வேட்டைப் பறவை. வேப்ப மரத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்து சட்டென்று விழும். சின்ன வயதில் குஞ்சுகளுக்குக் கூடை கவிழ்த்துக் காவல் இருந்தவன் நான். அன்று அதைப் பருந்து என்றுதான் சொன்னேன். அங்கிருந்து நூல் பிடித்துப் போனேன். இங்கிலாந்தில் ராயல் நேவி தன் விமானத் தளங்களுக்குப் பறவைப் பெயர் வைப்பது வழக்கம்: யோவில்ட்டனுக்கு நாரை இனத்து ஹெரான், ஃபோர்டுக்குப் பெரெக்ரின் ராஜாளி. இந்தப் பக்கம் வந்ததும் நம் பறவைகளை எடுத்துக்கொண்டது. தாம்பரம் எச்.எம்.எஸ். வல்லூறு. கொச்சி எச்.எம்.எஸ். கழுகு. இலங்கையில் புத்தளம் ராஜாலிய, கட்டுக்குருந்தை உகுஸ்ஸ. இரண்டும் சிங்களத்தில் வேட்டைப் பறவைகள். போர் முடிந்து வெள்ளைக்காரர்கள் போனதும் வல்லூறும் வைரியும் காகிதத்தோடு போயின. கருடன் மட்டும் இடம் மாறியது: 1953 மே 11-ல் இந்தியக் கடற்படை கொச்சியில் தொடங்கிய விமானத் தளத்துக்கு ஐ.என்.எஸ். கருடா என்று பெயர். கொச்சிக்காரர்கள் கோபித்துக்கொள்ளலாம், அந்தப் பெயர் முதலில் எங்கள் ஊருடையது. சூலூருக்கும் பறவை மிச்சமிருக்கிறது. விமானப்படையின் சாரங் ஹெலிகாப்டர் சாகசக் குழு இங்குதான் இருக்கிறது. சாரங் என்றால் மயில். எங்கள் சோளத்தைத் தின்கிற மயிலுக்கு இவ்வளவு மரியாதை வேண்டாம் என்பது அம்மாவின் கருத்து.

பிறகு விமானத்துக்கு வந்தேன். பிரிட்டிஷ் கோர்சேராக மாற்ற வேண்டுமென்றால் இறக்கை நுனியை வெட்ட வேண்டும். அவர்கள் கப்பலின் உள்தளத்தில் கூரை 16 அடிதான்; மேல்நோக்கி மடித்த இறக்கை இடிக்கும். அதனால் ஒவ்வொரு நுனியிலும் 8 அங்குலம் வெட்டினார்கள். எனக்கு அது 2.8 மில்லிமீட்டர். பழைய வெர்னியரை எடுத்து, மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு லென்ஸை மாட்டிக்கொண்டு கோடு கீறினேன். ஒரு காலத்தில் மரத்தில் கால் மில்லிமீட்டரைக் கண்ணாலேயே பிடித்த கை இப்போது லேசாக ஆடுகிறது. ஹாக்சா பிளேடின் உடைந்த துண்டால் அறுத்து, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். வலது நுனி சரியாக வந்தது. இடதைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்கு மேல் ஒரு தேஜஸ் போர் விமானம் போனது. 2018-ல் அவை சூலூருக்கு வந்தன. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, நான் அண்ணாந்து பார்த்தேன், கை தேய்த்துக்கொண்டே இருந்துவிட்டது. 3.0 மில்லிமீட்டர்.

வண்ணம், மேலே இரண்டு வகைச் சாம்பல், கீழே வெளிர்பச்சை. வட்டச் சின்னத்தைக் காம்பஸ் வைத்து நானே வரைந்தேன், நடுவில் சிவப்பு இல்லாமல். ஜப்பான் விமானத்தின் சிவப்பு வட்டம் என்று நினைத்துச் சொந்தப் படையே சுட்டுவிடக் கூடாதென்று இந்தப் பக்கத்தில் அதை எடுத்துவிட்டிருந்தார்கள். புரை விழுந்த மூடியைப் பற்பசை போட்டு இரண்டு நாள் தேய்த்தேன், முக்கால்வாசி தெளிந்தது. பைலட்டின் முகம் மங்கலாகத் தெரிகிறது.

அம்மா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“றெக்கை ஒடிஞ்சிருக்குதே சாமி?”

“இல்லீங்மா, அது அப்படித்தான்.”

இடது நுனியில் 0.2 மில்லிமீட்டர் அதிகமாகப் போனதைச் சொல்லவில்லை. 72-ஆல் பெருக்கினால் அரை அங்குலத்துக்குச் சற்று மேல். பேட்டர்ன் ஷாப்பாக இருந்தால் அப்போதே திருப்பி அனுப்பியிருப்பேன். கப்பல் கூரையில் இடிக்காது என்று விட்டுவிட்டேன்.