கூலியும் சம்பளமும்

அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டது 1993-இல், உடன் வேலை பார்த்த நண்பருக்காக. நண்பர் ஒருநாள் ஊரைவிட்டே போய்விட்டார். கடன் கொடுத்தவர்கள் நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கி அப்பாவின் சம்பளத்தை ஜப்தி செய்தார்கள்.

நூற்பாலை ஒன்றில் எழுத்தராக இருந்த அப்பாவுக்கு அப்போது 2,200 ரூபாய் சம்பளம். அதில் பாதி பிடித்தம் போக 1,100 ரூபாய் வீட்டுக்கு வந்தது. ஏன் பாதி என்று அவர் கேட்கவில்லை. கேட்பதே அவமானம் என்று நினைத்தார். அமீனா வந்துவிடுவாரோ என்று பயந்த அம்மா, பித்தளைப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு வந்தார். நாங்கள் மூவரும் அந்தச் சாக்கைப் பற்றி எவரிடமும் வாய் திறக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து, எங்கள் தெருவிலிருந்த வக்கீல் குமாஸ்தா ஒருவர் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 60. அன்றைய கணக்கில், சம்பளத்தின் முதல் 400 ரூபாயைத் தொடக்கூடாது. எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. ஆக, 1,600 ரூபாய் எங்களுடையது. 600 மட்டுமே பிடிக்கலாம். ஒரே தீர்ப்புக்காக 24 மாதங்களுக்கு மேல் சம்பளத்தைப் பிடிக்கவும் முடியாது. சமையல் பாத்திரமும் உடுதுணியும் படுக்கையும் ஜப்திக்கு அப்பாற்பட்டவை. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத அணியும் அப்படியே. இச்சலுகைகளை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது.

அன்று மாலையே அம்மா சாக்கைத் திரும்பக் கொண்டுவந்தார்.

குமாஸ்தா இன்னொன்றும் சொன்னார். உழைப்பாளிகள், வீட்டுப் பணியாளர்கள் ஆகியோரின் கூலியை அறவே ஜப்தி செய்ய இயலாது. பணமாகக் கொடுத்தாலும் தானியமாகக் கொடுத்தாலும் சரி. எதிர்வீட்டில் சுமை தூக்குபவர் ஒருவர் இருந்தார். 'நாம் மாதச் சம்பளக்காரர்கள்' என்று அவர் வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து எங்களைச் சற்றே தள்ளி வளர்த்தவர் அப்பா. அதைக் கேட்டதும் மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் பொருள் விளங்க எங்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

மனுப் போட்ட பின் பிடித்தம் 600 ஆயிற்று. அதிகமாகப் பிடித்ததும் கடனில்தான் வரவாயிற்று. ஆனால் அந்த ஐந்து மாதப் பசியை எந்தக் கணக்கில் வரவு வைப்பது?

2002 ஜூலையில் அந்த 400 ரூபாய் 1,000 ஆக உயர்த்தப்பட்டது. இன்று 16,000 ரூபாய் சம்பளம் வாங்குபவருக்கு 11,000 மிஞ்சும். அந்த ஆயிரம் ஒரு வார மளிகைக்குக் காணாது என்பது வேறு விஷயம். எனினும் அவருக்கு அந்த 11,000 கிடைப்பதே சம்பளச் சீட்டை யாராவது ஒருவர் கேட்டு வாங்கிப் படிப்பதைப் பொறுத்தது. எங்களுக்கு ஒரு குமாஸ்தா வாய்த்தார். பிடித்தம் என்று இப்போது யார் முறையிட்டாலும், ஆறுதல் சொல்வதற்கு முன்பு நாங்கள் கேட்பது சீட்டைத்தான்.