தெளிந்த பின் வேலை

அரசாங்க வேலைக்கு மனுச்செய்துவிட்டு அஞ்சற்காரரின் மிதிவண்டி மணிக்குச் செவிசாய்த்திருந்த காலம் என் தலைமுறையினர்க்கு நன்கு நினைவிருக்கும். இன்று மணியோசை போய்க் கைப்பேசியின் சிணுங்கல் வந்துவிட்டது. காத்திருப்பு அப்படியே இருக்கிறது. எல்லாம் நொடியில் நடந்துவிடும் என்று நாம் எண்ணும் அமெரிக்காவில், கூட்டரசின் சட்ட அமலாக்கத் துறையொன்றில் கணக்கெழுதும் வேலை கிடைக்க எத்தனை நாள் ஆகும் என்பதை என் தங்கை மகள் வாயிலாக அறிந்தேன். அறிந்ததை ஆசிரிய நண்பர்களோடும் மாணவர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

சட்ட அமலாக்கம் என்றதும் துப்பாக்கியும் கைவிலங்கும் நம் கண்முன் வந்து நிற்கின்றன. திரைப்படங்கள் செய்த வேலை அது. எப்.பி.ஐ. என்னும் கூட்டரசுப் புலனாய்வுத் துறையை எடுத்துக்கொண்டால், அங்குப் பணியாற்றும் முப்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோரில் பாதிப் பேருக்கு மேல் துப்பாக்கி ஏந்தாதவர்கள். கைரேகை ஒப்பிடுவோர், மொழிபெயர்ப்போர், கணக்காயர், ஆய்வுக்கூடத்தினர், வண்டி பழுதுபார்ப்போர் எனப் பலர். மேற்கு வெர்ஜினியா மாநிலத்தின் கிளார்க்ஸ்பர்க் நகரில் 1995இல் திறக்கப்பட்ட பெருவளாகத்தில்தான் நாட்டின் கைரேகைப் பதிவுகள் காக்கப்படுகின்றன. ஒருவர் கைதாகும்போது அவருடைய முன்வரலாற்றைத் தேடி எடுத்துத் தருகின்றவர்கள் இத்தகைய இடங்களில் மேசைமுன் அமர்ந்திருப்பவர்களே. இவர்களைத் துணைப்பணியாளர் என்பர். ஆயினும், சேருமுன் இவர்களைத் துருவும் துருவலில் துணை, முதன்மை என்ற வேறுபாடு பெரிதாக இல்லை.

என் தங்கை மணமாகி வெர்ஜினியாவுக்குச் சென்று முப்பது ஆண்டுகளாகின்றன. அவள் மகள் அங்கேயே பிறந்தவள், கணக்கியல் பட்டதாரி. 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அவள் மனுச்செய்தாள். எந்தத் துறை என்பது இங்கு வேண்டா. கோடையில் எழுத்துத் தேர்வும் நேர்முகமும் முடிந்தன. செப்டம்பரில் நிபந்தனையுடன் கூடிய நியமனக் கடிதம் வந்தது. வீட்டில் பாயசம் வைத்ததாகத் தங்கை சொன்னாள். நிபந்தனை என்ற சொல்லின் முழுப்பொருள் பாயசம் வைத்தபோது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

கடிதத்தைத் தொடர்ந்து வந்தது எஸ்.எப். 86 என்னும் படிவம். அச்சிட்டால் நூறு பக்கங்களைத் தாண்டும். பத்தாண்டுக் காலத்தில் குடியிருந்த இடங்கள், படித்த பள்ளிகள், பார்த்த வேலைகள், இடையில் வேலையின்றி இருந்த மாதங்கள், ஏழாண்டுகளில் சென்ற வெளிநாடுகள், பட்ட கடன்கள் என ஒரு மனிதர் தம்மைப் பற்றியே மறந்துவிட்டவற்றையெல்லாம் அது கேட்கிறது. பல்கலைக்கழக நாள்களில் ஐந்து வாடகை வீடுகள் மாறியவள் அவள். அண்மைக் காலத்தில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும், அவள் அங்கிருந்ததை அறிந்த ஒருவரைக் காட்ட வேண்டும்.

ஒரு நாள் இரவு அவளிடமிருந்து அழைப்பு வந்தது. “மாமா, உங்கள் பிறந்த தேதி என்ன?” என்றாள். நெருங்கிய தொடர்புள்ள வெளிநாட்டவர் அனைவரையும் படிவத்தில் குறிப்பிட வேண்டுமாம். பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில் பிறந்த எனக்கு அடையாள அட்டையில் ஒரு தேதியும் அம்மா சொன்ன தேதி ஒன்றும் உண்டு. அட்டையில் உள்ளதைச் சொன்னேன். “என்ன வேலை பார்த்தீர்கள் என்று எழுதட்டும்?” என்றாள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. “அது அரசாங்க வேலையா, மாமா?” என்று தயக்கத்தோடு கேட்டாள். ஆம், மலேசிய அரசாங்கத்தின் சம்பளம் வாங்கியவன்தான். ஆக, ஆத்திசூடி கற்பித்து ஓய்வு பெற்ற நான், அமெரிக்கக் கோப்பு ஒன்றில் அயல்நாட்டு அரசோடு தொடர்புடையவன் ஆனேன்! சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. மாமன் ஒருவன் இருப்பது தன் வேலைக்கு ஊறாகுமோ என்று அவள் அஞ்சினாள் என்பதை உணர்ந்தபோது என் சிரிப்பும் அடங்கியது.

இத்தனை துருவலுக்கும் வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே அரசாங்கப் பதவிகள் தேர்தலில் வென்ற கட்சியாருக்குப் பரிசாகப் பங்கிடப்பட்டன. தான் செய்த தேர்தல் தொண்டுக்குக் கைம்மாறாகப் பாரிசில் தூதரகப் பதவி கிடைக்கும் என்று நம்பி ஏமாந்த கீட்டோ என்பவன், 1881 சூலையில் அதிபர் கார்பீல்டைச் சுட்டான். அதிபர் செப்டம்பரில் மாண்டார். அந்த அதிர்ச்சியின் விளைவாக 1883இல் பெண்டில்டன் சட்டம் வந்து, தகுதித் தேர்வுக்கு வழி திறந்தது. பின்னர், பொதுவுடைமை அச்சம் மிகுந்திருந்த காலத்தில், 1947இல் அதிபர் ட்ருமனும் 1953இல் அதிபர் ஐசனோவரும் பிறப்பித்த ஆணைகள், தகுதியோடு நம்பகத்தையும் ஆராய வேண்டும் என்றாக்கின. அந்த ஆராய்ச்சியின் பெயரால் நேர்மையான ஊழியர் பலர் வாழ்விழந்ததும் அவ்வரலாற்றில் உண்டு.

தமிழாசிரியர்க்கு இவ்விடத்தில் திருக்குறளின் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரம் நினைவுக்கு வராமற் போகாது. ஒருவனைப் பணிக்கு அமர்த்துமுன் நான்கு வகையாலும் சோதித்தறிய வேண்டும் என்பதே அதன் முதற்குறள்; உயிருக்கு அஞ்சும் அச்சமும் அந்நான்கினுள் ஒன்று. பரிமேலழகர் அச்சோதனைகளை உபதை என்னும் சொல்லால் விளக்குவார். வகுப்பில் அதனைப் பழங்கால அரசியல் என்று சொல்லி விரைந்து கடந்துவிடுகிறோம். 2024 சனவரியில் அவளைப் பொய்யறி கருவியோடு பிணைத்து உட்கார வைத்தார்கள். மூச்சும் வியர்வையும் குருதி அழுத்தமும் அளக்கப்பட்டன. தனியார் முதலாளிகள் பெரும்பாலோர் இக்கருவியைப் பயன்படுத்தக் கூடாதென்று 1988இல் அந்நாட்டுச் சட்டமே தடுத்திருக்கிறது. அரசாங்கம் தனக்கு மட்டும் விலக்களித்துக்கொண்டது. பாதுகாப்புத் தேர்வுக்கு இதன் துல்லியம் போதாது என்று தேசிய ஆய்வு மன்றத்தின் அறிக்கை 2003இல் வெளிவந்த பின்னரும் கருவி ஓய்வு பெறவில்லை. ஆராயாமல் தெளிவது தவறு என்பதை நான் ஒப்புவேன். நடுங்குகின்ற விரலை ஆராய்ச்சி என்பதை ஒப்ப மனம் வரவில்லை.

வேலைக்கு ஆளெடுக்க 80 நாள் போதும் என்பது அந்நாட்டுப் பணியாளர் மேலாண்மை அலுவலகம் 2008இல் வகுத்த அளவு. நடைமுறையில் கூட்டரசின் பொதுச் சராசரி நூறு நாளை ஒட்டியே நின்றது. 2025 மே மாதத்தில் வெளியான புதிய திட்டமும் 80 நாளுக்குள் என்றே மீண்டும் இலக்கு வைத்தது. ஆனால் சட்ட அமலாக்கத் துறைகளில் பின்னணி விசாரணையும் சேர்ந்துகொள்வதால் ஓராண்டு கடப்பது வியப்பன்று. விசாரணையாளர் நேரில் சென்று அண்டை வீட்டாரையும் பழைய முதலாளிகளையும் காண வேண்டும். 2018இல் தேங்கிக் கிடந்த விசாரணைகள் மட்டும் ஏழு இலட்சத்தைத் தாண்டின. பிறகு அந்தத் தேக்கம் வெகுவாகக் குறைந்தது உண்மையே. இவ்வளவு அக்கறையோடு திரட்டிய செய்திகளைக் காத்தார்களா என்றால், அதுவும் இல்லை. 2 கோடியே 15 இலட்சம் பேரைப் பற்றிய விசாரணைப் பதிவுகள் கணினி வழியே களவு போனதை 2015இல் அவர்களே அறிவித்தார்கள்.

அந்த ஆண்டு முழுதும் “விசாரணையில் உள்ளது” என்ற ஒரே வரிதான் அவளுக்கு விடை. பேரங்காடி ஒன்றில் பகுதிநேரம் கணக்குப் பார்த்துக் கல்விக் கடனைக் கட்டிவந்தாள். இடையில் தனியார் நிறுவனம் ஒன்று நல்ல சம்பளத்தில் அழைத்தது, மறுத்துவிட்டாள். “நாட்டுக்கு வேலை செய்ய வேண்டும், மாமா” என்று அவள் சொன்னபோது, அவள் சொன்ன நாடு எது என்பது ஒரு கணம் என்னைத் தைத்தது. பிறகு பெருமையாகவும் இருந்தது.

2024 நவம்பரில் எல்லாம் தெளிந்து இறுதி நியமனம் வந்தது. 2025 பிப்ரவரி 24ஆம் நாள் பணியில் சேர வேண்டும். சனவரி 20ஆம் நாள் பதவியேற்ற அதிபர் அன்றே கூட்டரசில் ஆளெடுப்பை நிறுத்தி ஆணையிட்டார். பிப்ரவரி 8க்குள் சேரவேண்டியவர்கள் சேரலாம். அதற்குப் பிந்திய நாள் குறிக்கப்பெற்றோரின் நியமனம் திரும்பப் பெறப்படும் என்பது நெறிமுறை. பொதுப் பாதுகாப்புப் பணிகளுக்கு விலக்குண்டு என்று ஆணையிலேயே இருந்தது. கணக்கெழுதுவது பாதுகாப்புப் பணியா? விசாரணையின்போது ஆம் என்றவர்கள், விலக்கின்போது இல்லை என்றார்கள். பதினாறு நாள் இடைவெளியில் இரண்டாண்டுக் காத்திருப்பு முடிந்தது. அவள்மேல் ஐயம் எதுவும் இல்லை என்று கடிதத்தில் எழுதியிருந்தார்களாம்.

இப்போது அவள் தன் ஊர்க் கவுண்டி நிருவாகத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். மனுச்செய்த நாளுக்கும் சேர்ந்த நாளுக்கும் இடையே ஐந்து வாரம். சென்ற மாதம் பேசியபோது, பழைய துறை மீண்டும் ஆள் கேட்டு அறிவித்திருப்பதாகச் சொன்னாள். தங்கைக்கு அதைக் கேட்கவே பிடிக்கவில்லை. “இனி அந்தப் பேச்சே வேண்டா, அண்ணா. நீங்களாவது சொல்லுங்கள்” என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. தொலைபேசி மகளின் கைக்கு மாறியது.

“மாமா, உங்கள் முகவரி பழைய முகவரிதானே?” என்று கேட்டாள்.