காடி எப்படி இருக்கு?

கே.எல். சென்ட்ரலில் இருந்து கிள்ளான் போகும் கம்யூட்டர் ரயில் பத்து தீகாவில் நிற்கும்போதெல்லாம் சன்னல் பக்கம் எட்டிப் பார்ப்பேன். பார்க்க ஒன்றுமில்லை. 1968இல் திறந்த பந்தயத் தடம் அந்தப் பக்கம்தான் இருந்தது, 2003இல் இடித்துவிட்டார்கள்.

கிள்ளானில் மெக்கானிக் அண்ணன் செப்பாங் போக லோரியோடு காத்திருந்தார். பத்து தீகாவில் வேலிக்கு வெளியே நின்று பந்தயம் பார்த்து வளர்ந்தவர். 2005இல் செப்பாங்கில் நாராயண் கார்த்திகேயன் ஜோர்டான் காரை ஓட்டி முடித்ததை “நம்ம ஆளு” என்று வழியெல்லாம் சொன்னார். எத்தனையாவதாக வந்தார் என்று கேட்டதும் டோல் கார்டைத் தேட ஆரம்பித்துவிட்டார். பதினோராவது.

செப்பாங் தடம் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். ஃபார்முலா ஒன் 1999இல் வந்து 2017இல் போய்விட்டது. உள்ளூர் ஆட்களுக்கு மிஞ்சியது டூரிங் கார்தான்: நாம் ஆபீசுக்கு ஓட்டிப் போகிற நான்கு கதவுக் காடி, உள்ளே சீட்டையெல்லாம் பிடுங்கிவிட்டு இரும்புக் கூண்டு கட்டியது. 2017இல் தொடங்கிய வியோஸ் சேலஞ்ச் அந்த வகை. ஆயிரம் கிலோமீட்டர் பந்தயமும் உண்டு. கணக்குப் போட்டால் 181 சுற்று.

அண்ணன் பார்த்துக்கொள்ளும் காடியை ஓட்டுகிற தம்பிக்கு இது முதல் சீசன். கோ-கார்ட்டிலும் சிமுலேட்டரிலும் கை பழகியவன். சிமுலேட்டரில் கண்ணும் கையும் போதும். இங்கே காடி பேசுவது இடுப்போடு. அதனால்தான் சீட்டைத் திருகி இறுக்குவதற்கே அண்ணன் அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார்.

முதல் ஓட்டம் முடிந்து பிட்டுக்குள் வந்தான். பிரேக் பேட் கருகிய வாடை எனக்கு முன்பே அண்ணனுக்கு எட்டிவிட்டது. சன்னல் வலையைக் கழற்றினார்.

“காடி எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு அண்ணே.”

அண்ணன் பதில் சொல்லவில்லை. டயரில் காற்று அளந்தார். காலையில் 26 வைத்திருந்தார், இப்போது முன் டயரில் 35, பின்னால் 29. முன்சக்கரம் இழுக்கிற காடியில் ஓடுவது, திரும்புவது, நிற்பது மூன்றும் அந்த இரண்டு டயர் தலையில்தான். ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பினால் அதுதான் முதலில் வேகும்.

“நல்லா இருக்குன்னா நான் வீட்டுக்குப் போயிரலாமே? ஒண்ணாவது வளைவுல என்ன செய்யுது, அதைச் சொல்லு.”

தம்பி விழித்தான். நானும்தான். நீண்ட நேர்கோட்டில் வந்து, சட்டென்று வலப்பக்கம் ஒடிந்து, உடனே இறக்கத்தில் இடப்பக்கம் மடங்கும் இடம் அது. கடைசி வரை பிரேக்கைத் தொடாமல் வந்து ஒரே மிதியாக மிதிப்பதை வீரம் என்று நினைத்திருந்தான். அண்ணன் தன் உள்ளங்கையைத் தரையில் அழுத்தி, மெதுவாக எடுத்துக் காட்டினார்: காலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடு, அப்போதுதான் எடை முன் டயரில் உட்கார்ந்திருக்கும், மூக்கு திரும்பும், பட்டென்று விட்டால் மூக்கு வெளியே தள்ளும்.

“தள்ளுது அண்ணே,” என்றான் தம்பி. “உள்ள போறப்ப இல்ல, நடுவுல. கேஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி.”

அண்ணன் பென்சிலை எடுத்துக்கொண்டார். அதுவரை அது காதிலேயே இருந்தது.

பேச வராத பையனை வேகமாக்க மெக்கானிக்கால் முடியாது என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. பந்தயம் பற்றி எழுதுகிற நாங்கள் ஓட்டத் தெரிந்தவர்களைப் பற்றி மட்டும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறோம்.

மூன்று மணிக்கு விமான நிலையப் பக்கம் வானம் கறுத்தது. செப்பாங் மழை ஊருக்கெல்லாம் பெய்யாது. ஒரு மூலை நனையும், இன்னொரு மூலையில் தூசு பறக்கும். தம்பி உள்ளே வந்தான். ஏ.சி. இல்லாத காடி, ஹெல்மெட்டுக்குள் முகம் வெந்திருந்தது. அண்ணன் வாயைத் திறக்கவில்லை, வலையைத்தான் கழற்றினார்.

“ஒன்பதுல தண்ணி நிக்குது. அங்க பின்பக்கம் லேசா வீசுது, பிடிச்சிட்டேன். பதினஞ்சு இன்னும் காய்ஞ்சிதான் இருக்கு. இன்னும் ரெண்டு சுத்து இதே டயர்ல போறேன் அண்ணே.”

ஜாக்கை உருட்டி வந்த பையனை அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.