வேட்டைத் தோட்டாவும் ஹலால் உணவும்

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டை என்பது பெரும்பாலும் பழங்கதையாகிவிட்டது. ஆகவே ஃபிக்ஹு நூலில் வேட்டைப் பாடம் வரும்போது, மதரஸா மாணவர்கள் அதனைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டுமே கருதிக் கடந்து செல்வர். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் குடியேறிவிட்ட நம் முன்னாள் மாணவர் ஒருவருக்கோ அது அடுப்படிக் கேள்வியாக வந்து நிற்கிறது. அரசு உரிமம் பெற்று மான் வேட்டைக்குச் செல்ல அவர் விரும்புகிறார். துப்பாக்கியால் விழுந்த பிராணியின் இறைச்சி தம் தட்டுக்கு வரவே கூடாது என்கிறார் அவருடைய தாயார். “எந்தக் காலிபர் வாங்குவது, ஹஜ்ரத்? உம்மாவும் சாப்பிடும்படி வேட்டையாட வழியுண்டா?” என்று அவர் கேட்டார். நாம் துப்பாக்கி ஏந்தியதில்லை. ஆயினும் அவரிடம் விசாரித்தும் நூல்களைப் புரட்டியும் பார்த்ததில், இவ்விரண்டும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள் என்பது விளங்கிற்று.

காலிபர் என்பது துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் அளவு. அதை வைத்தே தோட்டாக்களுக்குப் பெயரிடுகின்றனர். .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு என்பதில் உள்ள 06, அது 1906ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டதைக் குறிக்கும். .308 வின்செஸ்டர் 1952இலும், .300 வின்செஸ்டர் மேக்னம் 1963இலும், 6.5 கிரீட்மோர் 2007இலும் வெளிவந்தன. இவற்றுள் .308, .300 மேக்னம் ஆகிய இரண்டும் ஒரே விட்டமுள்ள குண்டையே செலுத்துகின்றன. மேக்னத்தின் பெரிய கூட்டில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வெடிமருந்து கொள்கிறது என்பதே வேறுபாடு. கொலராடோவின் சட்டம் மான் வேட்டைக்கு .24 அங்குலத்திற்குக் குறையாத காலிபரையும், உடலுக்குள் விரியும் குண்டையும் கட்டாயமாக்கியுள்ளது. அடிபட்ட பிராணி துடித்தபடி ஓடி மறையாதிருக்கவே இவ்விதி.

நண்பர்கள் மேக்னத்தையே வாங்கும்படி அவரிடம் சொன்னார்களாம். வலிமை மிக்கது நல்லதுதானே எனத் தோன்றும். ஆனால் அதன் பின்னுதை கடுமையானது. பழகாத தோள் அந்த உதையை எதிர்பார்த்து, விசையை இழுக்கும் கணத்தில் நடுங்கிவிடுகிறது. அப்போது குண்டு இதயத்தையும் நுரையீரலையும் தவறவிட்டு வயிற்றையோ காலையோ துளைக்கும். எல்லாவற்றிலும் இஹ்ஸானை அல்லாஹ் விதித்திருக்கிறான் என்றும், உயிரைப் பறிக்கும்போதுகூட அதனைச் செம்மையாகச் செய்ய வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் போதித்தது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அந்தப் போதனையின் ஒளியில், தம் கை நடுங்காமல் குறியில் செலுத்த இயலும் காலிபரே ஒருவருக்குத் தகுந்தது. .308உம் 6.5 கிரீட்மோரும் பலருக்கு அவ்வாறு அமைகின்றன.

தோட்டாவைத் தாமே அடைப்போரும் அங்குப் பலர் உள்ளனர். சுட்டு முடிந்த பித்தளைக் கூட்டை மீண்டும் உரிய அளவுக்குக் கொணர்ந்து, புதிய பிரைமர் பொருத்தி, மருந்தை நிறுத்திட்டு, குண்டைப் பதிக்கின்றனர். மருந்தின் அளவு கிரெய்ன் என்னும் அலகில் கூறப்படும். 7,000 கிரெய்ன் சேர்ந்தது ஒரு பவுண்டு. ஆதியில் இது வாற்கோதுமை மணியின் எடையாக இருந்தது. நம் ஃபிக்ஹு நூல்களிலும் தீனாரின் எடை வாற்கோதுமை மணிகளாலேயே கணிக்கப்படுகிறது. பெரும்பான்மை அறிஞர்களின் கூற்றில் அது 72 மணிகள். அளவையில் நேர்மையை வலியுறுத்தும் மார்க்கத்தைச் சேர்ந்தவருக்கு இந்தத் தராசு அந்நியமானதன்று. மருந்து மிகுந்தால் துப்பாக்கி வெடித்துச் சுடுபவரின் கண்ணும் கையும் போகலாம். ஒரு கூட்டிலிருந்து மறு கூட்டிற்கு அளவு மாறினால் குறி பிசகும். எனவே வெளியிடப்பட்ட அட்டவணையை மீறாமலும், ஊகத்தால் ஒரு மணியையும் கூட்டாமலும் இருப்பது அமானத் ஆகும்.

இனி உம்மாவின் கேள்விக்கு வருவோம். மிஃராள் எனும் எறிகோலைப் பற்றி அதிய்யு இப்னு ஹாத்திம் (ரலி) வினவியபோது, கூர்முனை துளைத்துக் கொன்றதை உண்ணலாம் என்றும், அகலப்பகுதி மோதி மாண்டதை உண்ணலாகாது என்றும் நபியவர்கள் தீர்ப்பளித்தார்கள். இமாம் நவவியின் மின்ஹாஜும் உருண்டைக் குண்டால் மாண்டதை விலக்குகிறது. 1836இல் மறைந்த ஹனஃபி மேதை இப்னு ஆபிதீன், ஈயக் குண்டுக்கு வெட்டும் கூர்மை இல்லை என்று கருதி அதனைத் தடுத்தார். அதே காலத்து யமன் அறிஞர் ஷவ்கானியோ, அது துளைத்துச் செல்வதால் ஆகும் என்றார். இன்றைய கூர்முனைக் குண்டை அம்புடன் ஒப்பிடும் ஆலிம்களும் உளர். பிராணி உயிருடன் கைக்குக் கிடைத்தால் முறைப்படி அறுத்தாக வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடில்லை.

இங்குதான் ஒரு சிக்கல் எழுகிறது. அறுக்கும்வரை மான் உயிரோடிருக்கட்டும் என்று வேண்டுமென்றே பலம் குறைந்த காலிபரையோ மருந்தையோ தெரிவு செய்யலாமா? கூடாது என்பதே நம் உறுதியான கருத்து. அது ஹலாலைத் தேடும் பெயரில் இஹ்ஸானைக் கைவிடுவதாகும். அம்மாணவரின் குடும்பம் ஹனஃபி வழியினது. தாயாரின் தயக்கத்திற்கு இப்னு ஆபிதீனின் தீர்ப்பே சான்றாக இருக்கிறது. அதனைப் பழைமைவாதம் என்று தள்ளுவது முறையன்று. ஆகவே அவரிடம் நாம் கூறியது இதுதான்: வீட்டார் உண்ண மாட்டார்கள் எனில், அந்த உயிரைச் சுடாதீர். வேட்டையாடியே தீரவேண்டுமெனில், அங்கு வில்லுக்கெனத் தனிப் பருவம் உண்டு. கூரிய அலகுள்ள அம்பை பிஸ்மில்லாஹ் கூறி எய்வதில் எந்த மத்ஹபுக்கும் ஐயமில்லை. ஆனால் குறி தவறாத பயிற்சி கைவரும்வரை காட்டுக்குள் செல்லாதீர்.

குண்டால் வீழ்ந்ததை ஆகும் எனக் கொள்ளும் குடும்பங்களுக்கும் ஒரு சொல். ஈயக் குண்டு உடலுக்குள் சிதறும்போது அதன் நுண்துகள்கள் இறைச்சியில் கலக்கின்றன. ஈயம் குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் கேடு பயப்பது. கலிஃபோர்னியா மாநிலம் 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டுகளை முற்றிலும் தடை செய்துவிட்டது. செம்புக் குண்டுகள் எளிதாகக் கிடைக்கின்றன. உணவு ஹலாலாக இருப்பதோடு தய்யிபாகவும், அதாவது தூயதாகவும் இருக்க வேண்டும் என்பது குர்ஆனின் கட்டளையன்றோ?

நம் வீடுகளில் வாரந்தோறும் கோழியும் ஆடும் அறுபடுகின்றன. கத்தியின் கூர்மையும் பிராணியின் வேதனையும் நம் கவனத்திற்கு வருகின்றனவா என்பதை நாமும் எண்ணிப் பார்ப்போமாக. உண்ணும் ஒவ்வொரு கவளத்திலும் தூய்மையையும், வாயற்ற ஜீவன்களிடம் இரக்கத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.