கம்ப்யூட்டர் எழுந்திருக்க மறுத்தால்...

லேப்டாப் 'பூட்' ஆகலைன்னா எல்லாரும் சொல்லும் முதல் யோசனை, "ஃபார்மேட் அடிச்சிடு!" அவசரப்பட்டு அதை மட்டும் செய்யாதீங்க.

2011 செப்டம்பரில் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் கிடைத்தவை நம்ம டோல்கேட்டில் இன்னும் சில வீடுகளில் ஓடுகின்றன. பலவற்றில் விண்டோஸோடு 'பாஸ் லினக்ஸ்' என்பதும் இருக்கும். அதை உருவாக்கியது சென்னையில் உள்ள சி-டாக். நம்ம ஊர் சரக்கு!

எங்க அக்காவின் லேப்டாப்பும் அதுதான். பேட்டரி செத்து ரொம்ப நாளாச்சு. கரண்ட் போனால் அதுவும் போய்விடும். ஒரு மழை நாளில் அப்படிப் போனது, பிறகு கறுப்புத் திரைதான். 'எஃப்.எஸ்.சி.கே.வை நீங்களே ஓட்டுங்கள்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. உள்ளே அவளோட காலேஜ் ப்ராஜெக்ட். நாலு நாளில் வைவா. கடையில் ஃபார்மேட்தான் வழி என்றார்கள். அக்கா அழுதே விட்டாள்.

மளிகைக் கடையில் முதலில் சிட்டையில் குறித்து, அப்புறம் பேரேட்டில் ஏற்றுவார்கள் இல்லையா? லினக்ஸின் ஃபைல் சிஸ்டமும் 'ஜர்னல்' என்று ஒரு சிட்டை வைத்திருக்கும். கரண்ட் பாதியில் போனால் பெரும்பாலும் அதைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும். சில சமயம் முடியாது. அப்போதும் குழம்புவது கணக்குதான், சரக்கு பெரும்பாலும் அலமாரியில்தான் இருக்கும்.

நண்பன் வீட்டில் ஒரு லினக்ஸ் பென்டிரைவ் தயாரித்து, அதிலிருந்து பூட் செய்தேன். எடுக்க முடிந்த ஃபைல்களை முதலில் வேறு டிரைவுக்கு காப்பி செய்தோம். ப்ராஜெக்ட் மட்டும் இல்லை! பிறகு, பழுதான பார்ட்டிஷனை மவுன்ட் செய்யாமல், எஃப்.எஸ்.சி.கே. கட்டளையை ஓட்டினேன். 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' ஃபோல்டரில் பெயரே இல்லாமல், வெறும் நம்பர்களோடு ஏகப்பட்ட ஃபைல்கள். ராத்திரி பதினோரு மணிக்கு அக்கா ஒன்றைத் திறந்து, "டேய், மூணாவது அத்தியாயம்டா!" என்று கத்தினாள்.

ஹார்ட் டிஸ்கில் டிக் டிக் சத்தம் வந்தால் இதெல்லாம் வேண்டாம். உடனே ஆஃப் பண்ணிட்டு, தெரிந்தவரிடம் கொடுங்க.

அதே பென்டிரைவை பக்கத்து வீட்டு அண்ணாவின் புது லேப்டாப்பில் செருகினால், கையெழுத்து செல்லாது என்று விரட்டியது. அது பழுது இல்லை, 'செக்யூர் பூட்'. 2012-ல் வந்த விண்டோஸ் 8 காலத்திலிருந்து பரவிய காவல். நம்பகமான டிஜிட்டல் கையெழுத்து இல்லாததை பூட் ஆக விடாது. ஜீரோ கேட்டில் பர்மிட் இல்லாத கன்டெய்னர் லாரி மாதிரி! செட்டப்பில் போய் அதைத் தற்காலிகமாக ஆஃப் செய்யலாம். ஆனால் 'பிட்லாக்கர்' இருந்தால் அதன் ரெக்கவரி கீயை முதலில் எழுதி வெச்சுக்கோங்க. வேலை முடிஞ்சதும் மறுபடி ஆன் பண்ணிடுங்க.