தண்ணி விழுதா அண்ணாச்சி?

பள்ளிக்கூடம் லீவு விடுவது மே மாதம். குற்றாலத்தில் தண்ணீர் விழுவது ஜூன் மாதம். திருநெல்வேலிப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் வேறு கிடையாது. கோடை முழுக்க வெறும் பாறையாகக் காய்ந்து கிடக்கும் பேரருவி, நாங்கள் புதுப் புத்தகங்களுக்கு பிரவுன் தாள் அட்டை போடுகிற வாரத்தில்தான் விழித்துக்கொள்ளும். கேரளத்துப் பக்கம் மழை பிடித்து, ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். ஆகவே ஏதாவது ஒரு சனி ஞாயிறில் போய் வந்தால்தான் உண்டு. எந்தச் சனிக்கிழமை என்பதை அருவிதான் சொல்ல வேண்டும்.

ஊட்டி என்றால் தேதி குறித்து டிக்கெட் எடுத்துவிடலாம், அதோடு ஆவலும் அடங்கிவிடும். குற்றாலம் எங்களைப் பைத்தியமாக அடித்ததே அந்தத் தேதி தெரியாததால்தான். ஜூன் பிறந்ததும் வீட்டில் உளவு வேலை ஆரம்பமாகிவிடும். சித்தப்பா ஜங்ஷனுக்குப் போகும்போதெல்லாம் செங்கோட்டை பஸ் கண்டக்டரைப் பிடித்து, “தண்ணி விழுதா அண்ணாச்சி?” என்று கேட்டு வருவார். “சாரல் அடிக்கு. தண்ணி இன்னும் இறங்கல” என்பது முதல் பதில். பிறகு, “ஐந்தருவில மூணு கிளைல விழுது.” தங்கை உடனே தினசரிக் காலண்டர் தாளில் பென்சிலால் ‘3’ என்று எழுதுவாள். நாலு நாள் கழித்து ‘4’. இடையில் வெயில் அடித்து மறுபடி ‘2’ ஆகிவிட்டால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. ஐந்து கிளையிலும் விழுந்தால் கிளம்பலாம் என்று அப்பா சொல்லியிருந்தார்.

பிள்ளைகளைத் தூண்டிவிடுவதில் அப்பா கெட்டிக்காரர். பேட்டை, சேரன்மாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், பாவூர்சத்திரம் என்று தென்காசி வரைக்கும் ஸ்டேஷன் பெயர்களை மனப்பாடம் செய்யச் சொல்வார்; ஒப்பிக்கிறவனுக்குத்தான் ஜன்னல் ஓரம். வாய்ப்பாடு வராத எனக்கு இது மட்டும் தூக்கத்திலும் வந்தது. ஆச்சியின் பங்கு வேறு. பொங்குமாகடலைப் பற்றிச் சொல்லுவாள். “மேலேருந்து வாற தண்ணி நேரா தலைல விழுந்தா எலும்பு மிஞ்சுமால? நடுவுல ஒரு பள்ளத்துல விழுந்து, அது பொங்கி வழிஞ்சுதான் நம்மகிட்ட வருது.” ஆச்சி சொன்னது உண்மைதான், பேரருவியில் ஜனங்கள் நின்று குளிக்க முடிவதே அதனால்தான். எனக்கோ மலை நடுவில் அலையடிக்கிற ஒரு சமுத்திரம் இருப்பதாகவே நினைப்பு.

அதற்கும் மேலே ஒரு ஆசை இருந்தது. பேரருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். சின்னப் பையன்கள் அம்மாவோடு பெண்கள் பக்கம் போக வேண்டும். “இந்த வருஷம் நீ என்கூட வால” என்று அப்பா சொன்னது எனக்குப் பெரிய உத்தியோக உயர்வு. அந்தச் சனிக்கிழமை உடம்பெல்லாம் நல்லெண்ணெய் வழிய, இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் நுழைந்தேன். முதுகில் தண்ணீர் அறைந்ததில் மூச்சு நின்றது. யாரோ ஒரு மாமா, “குனிஞ்சு நில்லுல, வாயால மூச்சு விடு” என்று தலையை அமுக்கினார். வெளியே வந்து பல் கிட்டித்துக்கொண்டு நின்றபோது அம்மா கொடுத்த மிளகாய்ப் பொடி தடவிய இட்லிக்கு, பிறகு எந்த ஹோட்டலிலும் ஈடு கிடைத்ததில்லை. திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சியில் பாடிய குரங்குகள் பண்பானவை. எங்களுக்கு வாய்த்தவை தங்கையின் கையிலிருந்த வாழைப்பழத்தைத் தோலோடு பறித்துக்கொண்டு போயின.

எதையும் முழுசாகக் காட்டிவிடக் கூடாது என்பது அப்பாவின் கொள்கை. புலியருவியைப் பார்த்தால் பழைய குற்றாலம் அடுத்த தடவைக்கு. செங்கோட்டைக்கு அப்பால், 1904-ல் திறந்த மலைப் பாதையில் குகைக்குள் புகுந்து போகிற கொல்லம் ரயில் “அடுத்த சீசனுக்கு”. மங்குஸ்தான் மட்டும் வாங்கித் தருவார். கறை சட்டையில் ஏறிவிடும், திங்கட்கிழமை வகுப்பில் அதுதான் எங்களுக்குச் சாட்சி. குகை ரயில் வருஷா வருஷம் தள்ளிப் போய், 2010-ல் மீட்டர்கேஜே நின்றுபோனது. 2018-ல் அகலப் பாதையில் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு என் பிள்ளைகளோடு போய் அந்தக் கடனைத் தீர்த்தேன்.

பாக்கி இருப்பது தேனருவி. “பெரியவனானதும் கூட்டிட்டுப் போறேன்” என்று அப்பா சொன்ன அருவி. அப்பாவின் வித்தையை நானும் போன ஜூனில் என் பையனிடம் போட்டுப் பார்த்தேன். அவன் போனை ஒரு நிமிஷம் தடவிவிட்டு, “அங்கெல்லாம் ஃபாரஸ்ட்காரங்க விட மாட்டாங்கப்பா. மெயின் அருவிலயே இன்னைக்குக் குளிக்கத் தடையாம்” என்றான். பிறகு அவனே, “நாளைக்கு எடுத்துருவாங்களா?” என்றான்.